விடியற்காலையில் குளத்துக்கு மூச்சு முட்டுவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலத்துக்குப் பிறகு வந்த கடிதங்களில் பல, பண்ணைக்குட்டைகளையும் ஊர்க் குளங்களையும் பற்றியவை. அவற்றில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கேள்விகளை மட்டும் எடுத்து, இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் 30 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் சேர்த்து 2,500 குஞ்சுகள் விட்டிருந்தோம். ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஏழு மணிக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவை செத்து மிதந்தன. பெரிய மீன்கள்தாம் முதலில் செத்தன. தானாக வந்து வளர்ந்த விரால்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். காரணம் என்னவாக இருக்கும்? – ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள், அதற்காக அக்கம்பக்கத்தாரோடு பகை வேண்டாம். நஞ்சு கலந்திருந்தால் சிறிய மீன், பெரிய மீன், விரால், தலைப்பிரட்டை, நீர்ப்பூச்சி என்று எதுவும் தப்பியிருக்காது. அது விடியற்காலை வரை காத்திருக்கவும் செய்யாது. பெரிய மீன்கள் முதலில் சாவதும், விடியும் வேளையில் சாவதும், விரால் மட்டும் பிழைத்திருப்பதும் ஒருசேரக் காணப்பட்டால், நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனது என்றே கொள்ள வேண்டும். விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் செவுளுக்கு மேலே, வெளிக்காற்றை நேரடியாக வாங்கிக்கொள்ளும் தனி உறுப்பு உண்டு. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அது கிடையாது.

நாம் சுவாசிக்கும் காற்று ஒரு லிட்டரில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில், கரையக்கூடிய அளவு முழுவதும் கரைந்தாலும் அது 7.5 மில்லிகிராம்தான். அந்தச் சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டுதான் குட்டையில் உள்ள அத்தனை உயிர்களும் இரவைக் கடத்தியாக வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை இன மீன்கள் நன்றாக இரை எடுத்து வளரும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சோர்ந்து இரையைக் குறைக்கும். 1 மில்லிகிராமுக்கு அருகில் சில மணி நேரம் நின்றால் சாகத் தொடங்கும்.

பகலில் இந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியை உண்டாக்குபவை, நீருக்குப் பச்சை நிறம் தருகிற, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். வெயில் இருக்கும்வரை அவை கொடுக்கின்றன. பொழுது சாய்ந்ததும் அவையும் மற்ற உயிர்களைப் போல எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. பல குட்டைகளில் மீன்கள் எடுத்துக்கொள்வதைவிட, பாசியும் அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்வதே அதிகம். அதனால்தான் பிற்பகல் மூன்று மணிக்கு மிக உயர்ந்திருக்கும் ஆக்சிஜன், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்பு மிகத் தாழ்ந்து நிற்கிறது. உங்கள் குட்டைக்கு மூன்று நாள் வெயில் இல்லை. வரவு குறைந்து செலவு மட்டும் நடந்திருக்கிறது. அதோடு, மேலே விழுந்த குளிர்ந்த மழைநீர் கனத்தால் கீழே இறங்கி, அடியில் ஆக்சிஜனே இல்லாமல் கிடந்த நீரை மேலே கலந்துவிட்டிருக்கும். மூன்றாவதாக, 30 சென்ட் என்பது ஏறத்தாழ 1,200 சதுர மீட்டர். ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லாத குட்டையில் சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு என்பதே போதுமானது. நீங்கள் விட்டிருப்பது அதைப்போல் இரு மடங்கு.

இனி ஒரு நாள் இப்படி நேர்ந்தால் உடனே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். அன்றைக்குத் தவிடும் பிண்ணாக்கும் போடாதீர்கள். மறுநாளும் மீன்கள் தெளிந்த பிறகே போடுங்கள். ஆயில் எஞ்சினோ மோட்டாரோ இருந்தால், குட்டையின் மேல்மட்ட நீரையே இழுத்து, குழாயின் வாயைத் தகட்டாலோ பலகையாலோ மறித்து, நீர் சிதறி விழும்படி குட்டைக்குள்ளேயே பீய்ச்சுங்கள். உறிஞ்சும் குழாயை அடியில் விடக் கூடாது; அங்கே இருப்பது கெட்ட நீர். எதுவும் இல்லையென்றால், நம் ஊர்களில் பழைய வழக்கமாகவே செய்வதுபோல், நாலு பேர் கரையோரம் நின்று மூங்கில் கழியால் நீரை அடிப்பதும் ஒரு மூலையிலாவது மீன்களைக் காப்பாற்றும். ஆனால், நீரில் இறங்கிச் சேற்றை மிதித்துக் கலக்காதீர்கள். சேறு கலங்கினால் இருக்கிற ஆக்சிஜனையும் அது குடித்துவிடும்.

கடைகளில் ஆக்சிஜன் துகள் என்று விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பரவலாக இருப்பது சோடியம் பெர்கார்பனேட். ஒரு கிலோ துகளிலிருந்து வெளிப்படுவது 130 கிராம் ஆக்சிஜன் அளவுதான். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று கொண்டால் உங்கள் குட்டையில் ஏறத்தாழ 18 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். அதில் லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் கூட்டுவதற்கு 1.8 கிலோ ஆக்சிஜன், அதாவது 14 கிலோ துகள் வேண்டும். மீன்கள் திரண்டு நிற்கும் மூலையில் தூவினால் அந்த நேரத்துக்கு உதவும். குட்டை முழுவதையும் அதை நம்பி விடுவது பண விரயம்.

கேள்வி: துடுப்புச் சக்கர ஏரேட்டர் வாங்குவதா, கம்ப்ரஸர் வைத்து அடியில் குமிழி விடுவதா? எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? நாள் முழுவதும் ஓட்டினால் நல்லதுதானே? – சீர்காழியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கடலோர இறால் பண்ணைகளில் வரிசையாக மிதந்து நீரை வாரி இறைப்பது துடுப்புச் சக்கரம். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குட்டைகளுக்கு அதுவே ஏற்றது. செலவாகும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் அது தரும் ஆக்சிஜன், இவ்வளவு ஆழமில்லாத நீரில் குமிழி முறை தருவதைவிடக் கூடுதல். குமிழிக்கு ஆழம் வேண்டும். இரண்டரை, மூன்று மீட்டர் அடியிலிருந்து கிளம்பும் நுண்ணிய குமிழி மேலே வந்து சேர்வதற்குள் நீருக்குக் கொடுக்க நேரம் இருக்கிறது. இடுப்பளவு நீரில் அது வந்த வேகத்தில் உடைந்துவிடுகிறது. ஆழமான குளத்தில் குமிழி செய்யும் பெரிய உதவியும் வேறு. அது மேலேறும்போது அடிநீரைத் தன்னோடு தூக்கி வந்து வெளிக்காற்றோடு உறவாட விடுகிறது. ஆகவே, சதுரமாக வெட்டி விரிப்புப் போட்ட மூன்று மீட்டர் ஆழப் பண்ணைக்குட்டைக்குக் கம்ப்ரஸரும், பரந்து ஆழம் குறைந்த மண் குட்டைக்குத் துடுப்புச் சக்கரமும் என்பது என் கருத்து.

ஒரு குதிரைத்திறன் துடுப்புச் சக்கரம் எவ்வளவு தரும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். சுத்தமான நீரில் நடத்தும் சோதனையில் அது மணிக்கு ஒன்றரை கிலோ அளவு ஆக்சிஜனைக் கரைக்கும். ஆனால் குட்டை நீரில் ஏற்கெனவே 3 மில்லிகிராம் இருக்கும் நிலையில், அந்த அளவில் ஏறத்தாழ பாதிதான் சேரும். முதல் கேள்வியில் சொன்ன 30 சென்ட் குட்டையில், வேறு எந்த உயிரும் எடுத்துக்கொள்ளாவிட்டால்கூட, ஒரு மில்லிகிராம் உயர்வதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். எடுத்துக்கொள்பவையோ இரவெல்லாம் எடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. மீன் வாயைப் பிளந்த பிறகு ஏரேட்டரின் பொத்தானை அழுத்துபவர்கள் ஏமாறுவது இதனால்தான். இறங்கியதை ஏற்றுவதைவிட, இறங்காமல் தாங்கிப் பிடிப்பது எளிது. இரவு 11 அல்லது 12 மணிக்குத் தொடங்கி, காலையில் வெயில் நன்றாக நீரில் படும்வரை ஓட்டுங்கள். மேகமூட்டமான நாட்களில் மாலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

நாள் முழுவதும் ஓட்டுவது நன்மை தராது என்பதோடு, சில சமயம் தீமையும் செய்யும். நல்ல வெயிலில், பாசி செழித்த குட்டையில், பிற்பகல் நேரத்து ஆக்சிஜன் காற்றோடு சமநிலைக்கு வரும் அளவையும் தாண்டி 10, 12 மில்லிகிராம் வரை உயர்ந்திருக்கும். அந்த நேரத்தில் நீரை வாரி இறைத்தால், மிகுதியாக உள்ள ஆக்சிஜன் வெளிக்காற்றுக்குப் போய்விடும். இரவுக்கு என்று சேர்ந்த கையிருப்பை மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவதாக ஆகிவிடும். நண்பகலில் அரை மணி அல்லது ஒரு மணி நேரம், மேல்நீரையும் அடிநீரையும் கலப்பதற்காக மட்டும் ஓட்டலாம்.

துடுப்புச் சக்கரத்தைக் கரைக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். மண்கரை அரித்துச் சரியும். கரைக்கு இணையாக, நீர் சுற்றி ஓடும்படி வைத்தால், சேறும் எச்சமும் நடுவில் ஒதுங்கும், வாரி எடுக்கவும் எளிது. மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: கசிவு மின்சாரத்தை உணர்ந்து உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் இல்லாமல் எந்த ஏரேட்டரையும் நீரில் இறக்காதீர்கள். ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டவே வேண்டாம். பழுது பார்க்க இறங்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயினை இறக்கிவிட்டு இறங்குங்கள். இருட்டில், ஈரக் கையோடு, தனியாளாகச் செய்யப்படும் வேலை இது. மீன் போனால் அடுத்த ஆண்டு விட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: பல ஆண்டுகளாகத் தூர் வாராத எங்கள் தோட்டத்துக் குளத்தில், கம்ப்ரஸர் வாங்கி அடியில் குமிழிக் கல் வைத்தோம். முதல் நாள் இரவு முழுவதும் ஓட்டினோம். காலையில் அழுகிய முட்டை நாற்றம். மீன்கள் செத்துக் கிடந்தன. காற்றுக் கொடுத்தும் ஏன் இப்படி ஆயிற்று? – பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். கருவியை விற்றவர்களே இதைச் சொல்லியிருக்க வேண்டும். காற்று இத்தீங்கைச் செய்யவில்லை. ஆண்டுக்கணக்கில் அடியில் அடைந்து கிடந்ததை ஒரே இரவில் மேலே கொண்டுவந்ததுதான் காரணம். இலை, தழை, மீன் எச்சம், தின்னாமல் விடப்பட்ட தீவனம் எல்லாம் அடியில் மக்கும்போது அங்குள்ள ஆக்சிஜன் முதலில் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கருஞ்சேறும், முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடும், மீத்தேனும் உண்டாகின்றன. அம்மோனியாவும் அங்கே சேர்கிறது. வெயில் காய்ந்த மேல்நீர் மூடி போட்டது போல மேலே நிற்கும்வரை இவை கீழேயே கிடக்கும். குமிழி அந்த மூடியைத் திறந்துவிட்டது.

பழைய குளத்தில் முதல் நாள் பகலில் அரை மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். மறுநாள் ஒரு மணி, அதற்கு மறுநாள் இரண்டு மணி என்று ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். குமிழிக் கல்லைச் சேற்றில் பதிக்காமல், ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில், செங்கல் அல்லது சட்டத்தின் மேல் வையுங்கள். கம்ப்ரஸர் நீர் மட்டத்தைவிட மேடான இடத்தில் இருக்கட்டும். இல்லையேல் மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறி இயந்திரத்தைக் கெடுத்துவிடும். கோடையில் நீர் வற்றும்போது கட்டாயம் தூர் வாருங்கள். அந்த வண்டல் உங்கள் தென்னைக்கு நல்ல உரம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் குளத்து நீர் பச்சைப் பசேல் என்று ஆகி, கரையில் நிற்க முடியாத அளவு நாற்றம் அடிக்கிறது. நன்கொடையாளர் ஒருவர் நடுவில் நீரூற்று அமைத்துத் தர முன்வந்துள்ளார். அதனால் குளம் சுத்தமாகுமா? – கும்பகோணத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீரூற்று பார்ப்பதற்கு அழகு, கிடைக்கும் உதவியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், பெரும்பாலான நீரூற்றுகள் மேல்மட்ட நீரை எடுத்து மேல்மட்டத்திலேயே விடுகின்றன. நோய் அடியில் இருக்கும்போது அது எட்டாது. அதே பணத்தில் கரையில் ஒரு கம்ப்ரஸரும், அடியில் நாலைந்து இடங்களில் குமிழித் தட்டுகளும் அமைப்பதுபற்றி அந்த நன்கொடையாளரிடம் பேசிப் பாருங்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத வேலை என்பதால் அவருக்குப் பிடிக்காமல் போகலாம், பொறுமையாக விளக்குங்கள்.

அடிநீருக்கு ஆக்சிஜன் கிடைப்பதால் என்ன நடக்கிறது என்பது அறியத்தக்கது. முதலாவதாக, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. இரண்டாவதாக, பாசிக்கு உணவான பாஸ்பரஸ், ஆக்சிஜன் இருக்கும்போது சேற்றிலுள்ள இரும்போடு பிணைந்து அடியிலேயே கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, பாஸ்பரஸ் நீருக்குள் வந்து பாசியை மேலும் வளர்க்கும். அந்தப் பாசி செத்து அடியில் விழுந்து அழுகி, மீண்டும் ஆக்சிஜனைத் தின்னும். குமிழி உதவுவது இந்தச் சுழலை நிறுத்துவதற்கு. நாற்றம் சில வாரங்களில் குறைந்துவிடும். பச்சை நிறம் குறையக் கூடுதல் காலம் ஆகும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குளத்தில் வந்து சேரும் எதையும் காற்று அள்ளி வெளியே போடுவதில்லை. ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாய் மட்டும் குளத்தில் விழுந்துகொண்டிருந்தாலும், எத்தனை கம்ப்ரஸர் வைத்தும் நீங்கள் விரும்பும் தெளிவு வராது. முதலில் அந்தக் குழாய்களை அடைத்துவிடுங்கள். மீனுக்கு என்று பொரியையும் மாவுருண்டையையும் கூடை கூடையாகக் கொட்டுவதையும், பூமாலைகளை வீசுவதையும், படித்துறையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் பக்தர்களிடம் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். பிறகு வரத்து வாய்க்காலைத் தேடுங்கள். நம் கோயில் குளங்கள் தேங்கி நிற்பதற்காக வெட்டப்பட்டவை அல்ல. நீர் வருவதற்கு ஒரு வழியும் போவதற்கு ஒரு வழியும் வைத்தே வெட்டினார்கள். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நீர் வந்தது. உங்கள் குளத்துக்கும் காவிரியின் ஏதேனும் ஒரு கிளை வாய்க்காலிலிருந்து வழி இருந்திருக்கும்; இன்று அதன்மேல் ஒரு கடையோ வீட்டின் பின்சுவரோ நிற்கலாம். வயதானவர்களைக் கேளுங்கள், பழைய நில வரைபடத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை புது வெள்ளம் புகுந்து பழைய நீர் வெளியேறும் குளத்துக்கு, இயந்திரத்தின் உதவி மிகக் குறைவாகவே வேண்டியிருக்கும்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் தூவலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அடர்ந்த பாசி முழுவதும் ஒரே நாளில் செத்து அழுகினால், அன்று இரவே குளத்து மீன்கள் அத்தனையும் செத்து மிதக்க வாய்ப்புண்டு. அளவு கூடிவிட்டால் மயில்துத்தத்தில் உள்ள செம்பும் மீனுக்கு நஞ்சு.

கேள்வி: போர் தண்ணீரை நேரடியாகக் குட்டையில் விடலாமா? – அரூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நேரடியாக விடாதீர்கள். ஆழத்திலிருந்து வரும் நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும், கரியமில வாயு மிகுந்தும் இருக்கும். குழாயை நீருக்குள் அமிழ்த்தாமல் ஆள் உயரத்துக்குத் தூக்கி, துளையிட்ட தகட்டின் மேலோ, சல்லி நிரப்பிய கூடையின் மேலோ விழச் செய்யுங்கள். சிதறி விழும்போதே கெட்ட வாயு போய் ஆக்சிஜன் சேர்ந்துவிடும். விழுந்த இடத்தில் செம்பழுப்பாகப் படிந்தால் நீரில் இரும்பு இருக்கிறது என்று பொருள். சிறு தொட்டியில் தேங்கித் தெளிந்த பிறகு குட்டைக்கு விடுங்கள்.

கேள்வி: ஏரேட்டர் வைத்தால் கொசு ஒழியுமா? – விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: நீர் அசையும் இடத்தில் ஒழியும். கொசுப்புழு மேலே வந்து காற்றை வாங்குவதால், அலை அடிக்கும் நீர்ப்பரப்பில் அதனால் வாழ முடிவதில்லை. ஓரங்களில் புல்லும் செடியும் அடர்ந்து அசையாமல் நிற்கும் நீரில் இருக்கத்தான் செய்யும். ஓரப் புல்லை அறுத்துவிட்டால், மீன்களே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் குட்டை இருக்கும் இடத்தில் மின் இணைப்பு இல்லை. ஏரேட்டர் இல்லாமல் மீன் வளர்க்கவே முடியாதா? – திருச்சுழியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தாராளமாக வளர்க்கலாம். ஏரேட்டர் என்பது அதிக மீன்களை நெருக்கமாக வளர்ப்பவர்களுக்குத்தான் தவிர்க்க முடியாதது. சென்ட்டுக்கு 30 முதல் 40 குஞ்சுகளுக்கு மேல் விடாமல், சாணமும் தீவனமும் அளவோடு போட்டால், காற்றும் வெயிலுமே போதும். காற்று வரும் திசையில் கரையில் அடர்ந்து நிற்கும் கருவேல மரங்களைக் கழித்துவிடுங்கள். காற்று நீரில் எழுப்பும் சிற்றலைகள்தாம் உங்கள் ஏரேட்டர். ஆகாயத்தாமரை ஒரு கொத்து தென்பட்டாலும் அன்றே எடுத்துக் கரையில் போடுங்கள், ஏனெனில் அது பரவி மூடிய நீருக்குள் வெயிலும் போகாது, காற்றும் போகாது.

பாசி அளவோடு இருக்கிறதா என்பதற்கு, கையை முழங்கை வரை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நல்லது. பாதி ஆழத்திலேயே மறைந்துவிட்டால் பாசி மிகுந்துவிட்டது. ஒரு வாரம் சாணத்தையும் உரத்தையும் நிறுத்துங்கள். முழங்கை அமிழ்ந்தும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் நீரில் பாசி போதவில்லை. மீனுக்கு இரையும் குறைவு, பகலில் சேரும் ஆக்சிஜனும் குறைவு. மண் கலங்கிய நீருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மேகம் மூடிய நாட்களிலும், மழை விட்ட மறுநாளும், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு டார்ச் விளக்கோடு குட்டைக்குப் போய்வாருங்கள். கரையை நெருங்கியதும் மீன்கள் சட்டென்று உள்ளே பாய்ந்தால் கவலையில்லை. வெளிச்சம் பட்டும் நகராமல் மேலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றால், ஆயில் எஞ்சினை உடனே முடுக்கிவிடுங்கள். அந்த மாதங்களில் அதில் டீசல் எப்போதும் இருக்கட்டும்.